உலகம்மாள் விடைபெறாத நாடுகள்

என் அக்கா உலகம்மாள் ஒரே நேரத்தில் ஐந்து நாடுகளில் நின்ற கதையை நான் பல வருஷமாகச் சந்தேகித்து வந்திருக்கிறேன். ஐந்து நாடுகளில் நின்றதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு நாட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்று சொல்லாதவர் அந்த நாட்டிலேயே இருப்பதாகத்தான் அர்த்தம். அவள் போன வழியில் இருக்கிற எல்லா நாடுகளுக்கும் அது பொதுச் சட்டம். என் சந்தேகமெல்லாம் கடைசி வாசலில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சின்ன விஷயத்தைப் பற்றியது. எனக்கு அதைச் சொன்னவர் அத்தான், அக்காவின் கணவர் ஆவுடையப்பன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பொய் சொல்லுகிற ஆள் அல்ல. ஆனால் அது நடந்த நேரத்தில் அவர் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

அக்காவிடமே கேட்கலாம். கேட்டால், “சாப்பிட்டியால?” என்பாள்.

அவர்கள் தென்காசியிலிருந்து கிளம்பியது மகள் கோமதியின் பிரசவத்துக்காக. கோமதி கல்யாணமாகிப் போயிருந்த நாட்டுக்கு விமானம் கிடையாது. அந்த நாடு தன் வானத்தை இன்னும் அங்கீகரிக்கவில்லை. அக்கம்பக்கத்து நாடுகள் முதலில் அங்கீகரிக்கட்டும், பிறகு நாம் செய்யலாம் என்று தன்மானத்தோடு காத்திருந்தது. ஆகவே அங்கே போகிறவர்கள் தரைவழியாகத்தான் போக வேண்டும். இடையில் ஐந்து நாடுகள். ஐந்துக்கும் டிரான்சிட் விசா.

அந்த நாட்டு ஆஸ்பத்திரியில், பிரசவத்தின்போது யார் பக்கத்தில் இருப்பார் என்று முன்னதாகவே ஒரு பெயர் சொல்லிவிட வேண்டும். பெயர் சொல்லிவிட்டால் அவர் வந்து சேரும்வரை குழந்தை காத்திருக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக் கூரையில் பனி இருக்கிறவரைதான். பனி வழிந்துவிட்டால் அதற்கு மேல் பொறுக்காது. வெளியே வந்து, பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவரையே தன் அம்மாவைப் பெற்ற ஆச்சியாக எடுத்துக்கொள்ளும். பிறகு மாற்ற முடியாது. கோமதிக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு அப்படித்தான் ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஜன்னல் துடைக்க வந்திருந்த ஓர் இளைஞரைப் பிள்ளை ஆச்சியாக எடுத்துக்கொண்டது. அவரும் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கப் பழகிக்கொண்டிருந்தார்.

கோமதி அம்மாவின் பெயரைச் சொல்லியிருந்தாள்.

“கூரையில நிறைய இருக்கும்மா,” என்றாள் போனில். “ஆனா வெயில் அடிக்கி.”

நம் நாட்டு வாசலில் ஒரு சிக்கலும் இல்லை. நம் ஆட்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். எங்கே போனாலும் அவர்கள் நம் ஊரிலேயே இருப்பதற்கு அதுதான் காரணம். சிக்கல் ஆரம்பித்தது முதல் நாட்டைக் கடந்து, அதன் வெளிவாசலில் நின்றபோது. அந்த வழியில் ஒவ்வொரு வாசலிலும் தமிழ் கேட்கத் தெரிந்த ஓர் அலுவலர் உட்கார்ந்திருப்பார். பேசத் தெரிந்தவர் வேறொருவர். கேட்கிறவர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார், பயணியின் முகம் பார்த்து மனம் இளகிவிடக் கூடாது என்பதற்காக.

அத்தான் வாசலில் நின்று, “போறேன்,” என்றார். மணி அடித்தது. அவர் போய்விட்டார்.

அக்கா பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, “போயிட்டு வாரேன்,” என்றாள்.

மணி அடிக்கவில்லை.

பேசத் தெரிந்தவர் மரியாதையாகக் கேட்டார். “வருவீர்களா?”

“வராம?” என்றாள் அக்கா.

அவர் சட்டத்தை விளக்கினார். டிரான்சிட் விசா என்பது கடந்து போகிறவருக்கு. திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டவர் இன்னும் கிளம்பவில்லை. கிளம்பாதவரைத் தடுக்க அவர்களுக்கு அதிகாரம் கிடையாது, ஆகவே அக்கா தாராளமாக வாசலைத் தாண்டலாம். ஆனால் அவள் எங்கே நின்றாலும் அது இந்த நாடுதான். அல்லது, ஒரே ஒரு தடவை ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுலபமாகிவிடும்.

அக்கா அந்தச் சொல்லை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் சொல்லுவதில்லை, அது உயிர் விடுகிறவர்கள் சொல்ல வேண்டிய சொல். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண்டக்டரிடம்கூட அவள் போயிட்டு வாரேன் என்றுதான் சொல்லுவாள். பல் டாக்டரிடமும் அப்படித்தான் சொன்னாள். அதனால் அடுத்த மாதமே இன்னொரு பல் வலித்து, சொன்னபடி திரும்பப் போனாள்.

அவள் வாசலைத் தாண்டினாள். முதல் நாடு அவள் காலடியோடு வந்தது. ஒரு ஆள் படுக்கிற பாய் அளவுக்குச் செம்மண், அவள் நடக்க நடக்கக் கூடவே நகர்ந்தது.

இரண்டாவது நாட்டின் வெளிவாசலிலும் அதேதான் நடந்தது. இப்போது செம்மண்ணுக்கு மேல் கொஞ்சம் கூழாங்கல்லும் சேர்ந்தது.

நாடுகளோடு அவற்றின் சட்டங்களும் வந்தன. முதல் நாட்டில் நின்றுகொண்டு சாப்பிடக் கூடாது. இரண்டாவது நாட்டில் முன்னால் நடந்து போகிறவரை முந்தக் கூடாது. ஒரு நாட்டில் இருக்கிறவர் அதன் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதில் அக்காவுக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ரயில் பிடிக்க ஓட வேண்டிய இடத்தில் அவள், முன்னால் ஊன்றுகோலோடு போன ஒரு பெரியவருக்குப் பின்னாலேயே நடந்தாள். அந்த ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் அவளுக்குப் பக்கத்து இருக்கைகளைக் காலியாக விட்டார்கள், இரண்டு நாடுகள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் பயணிகளை நெருக்கி உட்காரவைப்பது முறையல்ல என்று. டிக்கெட் பரிசோதகர் அவளைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றினார்.

அத்தானுக்குத்தான் கஷ்டம். அவர் எல்லா நாடுகளையும் விட்டுச் சட்டப்படி போய்விட்டவர். அக்காவின் பக்கத்தில் உட்கார வேண்டுமென்றால் அந்த நாடுகளுக்குள் திரும்பவும் நுழைய வேண்டும், அதற்கு அவரிடம் விசா இல்லை. எதிர் இருக்கையில்தான் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தால் கையை மட்டும் நீட்டிக் கொடுத்தார். கைக்கு விசா தேவையில்லை என்று பரிசோதகர் சொல்லியிருந்தார், முழங்கை வரைக்கும்.

“ஒரு வார்த்தைதான உலகு,” என்றார் எதிர் இருக்கையிலிருந்து. “சொல்லிட்டு இங்கிட்டு வா.”

“நீங்க சொல்லுங்க. உங்களுக்கு வாய் கூசாது.”

“அவனுவளுக்கு என்ன தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியும்லா?”

“கூரையில பனி உருகுதுங்கா உம் மக. நீ ரயில்ல நாடு ஏத்திக்கிட்டு இருக்க.”

அக்கா டீயை உட்கார்ந்தே குடித்து முடித்தாள்.

மூன்றாவது நாடு மிகவும் ஒடுங்கியது. வரைபடத்தில் அதன் பெயரை எழுத இடமில்லாமல் பக்கத்து நாட்டின் மேல் எழுதியிருப்பார்கள். அங்கே விளக்கு வைத்த பிறகு எல்லாரும் கிசுகிசுப்பாகத்தான் பேச வேண்டும். அவர்கள் வெளிவாசலுக்கு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். அக்கா கிசுகிசுப்பாக, “போயிட்டு வாரேன்,” என்றாள்.

கேட்கிற அலுவலர் சுவர்ப்பக்கமிருந்து திரும்பினார். அவர் திரும்பக் கூடாது. ஆனால் திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு பேசுகிறவரின் காதில் ஏதோ சொன்னார்.

“இது போகிற வழியில் இருக்கிற நாடு,” என்றார் பேசுகிறவர். “இதைக் கடக்கிறவர்கள்தான் உண்டு. வருகிறேன் என்று இதனிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. இன்னொரு தடவை சொல்ல முடியுமா? உள்ளே சில பேர் இருக்கிறார்கள், அவர்களும் கேட்க வேண்டும்.”

சமையல்கட்டிலிருந்தும் கிடங்கிலிருந்தும் ஆட்கள் வந்து வரிசையாக நின்றார்கள். அக்கா இன்னொரு தடவை சொன்னாள். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். அந்த நாடு அவள் காலடியில் மற்றவற்றைப் போல மேலே சேரவில்லை. அடியில் போய்த் தன்னை விரித்துக்கொண்டது. அதன் பிறகு நடக்கும்போது கால் வலிக்கவில்லை என்று அக்கா சொன்னதாக அத்தான் சொல்லுவார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் யோசிப்பேன். அப்படிப்பட்ட வாசலில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன்? மணி அடித்தால் போதும் என்று சொல்லித் தொலைத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அதனால்தானோ என்னவோ, அவள் சொல்லவில்லை என்பதை நம்ப எனக்கு இவ்வளவு காலம் ஆகிறது.

நான்காவது நாட்டில் செவ்வாய்க்கிழமை கிடையாது. அதைத் தாண்டிய பிறகு வந்த செவ்வாய்க்கிழமை அக்கா இல்லை. அத்தான் மட்டும் பெட்டிகளோடு ஒரு பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை விடிந்ததும் அக்கா பக்கத்து பெஞ்சில் இருந்தாள், தலை வாரி, பசியோடு. ஐந்தாவது நாட்டில் செருப்பைக் கால் மாற்றிப் போட வேண்டும். மாற்றிப் போட்டுக்கொண்டாள். போனில் கோமதி, கூரையின் ஓரத்தில் ஓடு தெரிய ஆரம்பித்துவிட்டது என்றாள். ஜன்னல் துடைக்க இப்போது வேறொருவர் வந்திருக்கிறார், பார்வைக்கு நல்லவராகத்தான் தெரிகிறார் என்றாள்.

“ஏட்டி, அவர வெளிய நிக்கச் சொல்லு,” என்றாள் அக்கா.

கடைசி வாசல் கோமதியின் நாட்டுக்குள் நுழைகிற வாசல். அங்கே இருந்தது ஒரு பெண் அலுவலர். அவருக்குக் கேட்கவும் தெரியும், பேசவும் தெரியும். அத்தானை ஒரே நிமிஷத்தில் உள்ளே விட்டுவிட்டார். பிறகு அக்காவையும் அவள் காலடியில் இருந்த செம்மண், கூழாங்கல், புல், சாம்பல், மணல் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

“விசா தனி ஆளுக்குத்தான்,” என்றார். “நீங்கள் ஐந்து நாடுகள். நாடுகளுக்கு விசா கொடுக்கிற வழக்கம் இல்லை.”

“நான் ஒருத்திதாம்மா.”

“ஒருத்திதான். ஆனால் ஐந்திலும் இருக்கிறீர்கள். திரும்பி நின்று ஐந்து தடவை சொல்லுங்கள். ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.”

அவர் உண்மையிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனசு.

வாசலிலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரிக் கூரை தெரிந்தது. நடுவில் ஒரு கைக்குட்டை அளவுக்குப் பனி இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அத்தான் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். அவர் போனில் கோமதி அழுதாள். அவர் போனை அக்கா பக்கமாக நீட்டிப் பிடித்தார்.

“சொல்லிரும்மா,” என்றாள் கோமதி. “யாரு கேக்கப்போறா? நான் தாங்க மாட்டேம்மா. பிள்ள வேற யாரையாவது...”

அக்கா திரும்பி நின்றாள். வந்த வழியைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

இதுதான் அந்தச் சின்ன விஷயம். அத்தான் நின்ற இடத்திலிருந்து அவள் முதுகுதான் தெரிந்திருக்கும். அவள் வாயைத் திறந்ததும் முதல் நாட்டின் ஓரம், காற்றில் பாய் எழும்புவதுபோல, ஒரு விரற்கடை எழும்பியது என்கிறார். மூன்றாவது நாடு மட்டும் அசையாமல் கிடந்தது என்கிறார். ‘வருகிறேன்’ என்று யாரும் சொல்லிக் கேட்டுப் பழகிய நாடு அல்ல அது, ஆகவே அவள் சொன்னதை நம்பிக்கொண்டு கிடந்தது. அக்கா அதைக் குனிந்து பார்த்தாள் என்கிறார். பிறகு வாயை மூடிக்கொண்டாள் என்கிறார்.

மூடிக்கொண்டாளா, அல்லது சொல்லிவிட்டு மூடினாளா? முதுகைப் பார்த்து ஒருவர் எப்படி அறிவார்? இதை நினைத்து நான் எத்தனையோ நாள் சாப்பிட்ட கை காய, கழுவாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா திரும்பி, அலுவலரிடம் வந்தாள்.

“நாடுகளுக்கு விசா கிடையாதுன்னா வேற என்ன உண்டு?”

“ஒப்பந்தம்,” என்றார் அவர். “ஆனால் அதற்கு ஐந்து நாடுகளின் சார்பாகவும் ஒருவர் வர வேண்டும். அவர்கள் ஒரே இடத்தில் கூடினதே இல்லை.”

அக்கா தன் காலடியைப் பார்த்தாள். அலுவலரும் பார்த்தார்.

மேஜை வந்தது. கோமதியின் நாட்டின் சார்பாக ஒரு வயதான மனிதர் வந்து உட்கார்ந்தார், கோட்டில் நிறையப் பொத்தான்கள். எதிரில் ஒரு பலகாரத் தட்டு வைத்ததும், நின்றுகொண்டு சாப்பிடக் கூடாது என்ற முதல் நாட்டுச் சட்டப்படி அக்காவுக்கு நாற்காலி போட்டார்கள். அவள் ஐந்து நாடுகளின் மேல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை ஒரு நாட்டோடுகூட எதிரெதிரே உட்கார்ந்து பேசியதில்லை. பஞ்சாயத்துத் தண்ணீர்க் குழாய் விஷயமாகப் பேசப் போய், வெளியே நிற்கவைக்கப்பட்டவர்கள் நாங்கள்.

“உங்களுக்கு என்ன வேணும்?” என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

அந்த மனிதர் தயங்கினார். பெரிய நாடு, கேட்கக் கூச்சம். பிறகு மெதுவாகக் கையை உயர்த்தி மேலே காட்டினார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவள் கிழக்கிலிருந்து மேற்குவரைக்கும் ஒழுங்காகப் பார்த்தாள், புடவைக் கடையில் முந்தானை தொடங்கி உடல்வரைக்கும் விரித்துப் பார்ப்பது மாதிரி.

“இருக்கு,” என்றாள். “நல்லாத்தான் இருக்கு. தெக்க கொஞ்சம் மேகம்.”

ஐந்து நாடுகளும் அந்த வானத்தை அங்கீகரித்துவிட்டன. பொத்தான் மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நாட்டுப் பறவைகள், அதுவரைக்கும் சுவரோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தவை, ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தன.

பதிலுக்கு அக்கா கேட்டது வாசலிலிருந்து கோமதியின் கட்டில்வரைக்கும் ஒரு பாதை. புடவை அகலம் போதும் என்றாள். சுண்ணாம்புப் பொடியால் இரண்டு கோடு இழுத்தார்கள். அதன் வழியாக அவள் நடந்தாள், செருப்பு கால் மாறி, ஐந்து நாடுகளையும் கூட்டிக்கொண்டு. யாரையும் முந்தக் கூடாது என்பதால் முன்னால் யாரும் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாய் குறுக்கே வந்து அவளுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தது. அலுவலர் பெண் ஓடிப்போய் அதைத் தூக்கிக்கொண்டார்.

அக்கா கட்டிலுக்கு வந்தபோது கூரையிலிருந்து கடைசிப் பனி சறுக்கி விழுந்த சத்தம் கேட்டது. ஜன்னல் துடைப்பவர் கைகளை ஏந்திக்கொண்டு ஓர் எட்டு முன்னால் வந்திருந்தார்.

“தம்பி, தள்ளு,” என்றாள் அக்கா.

பிள்ளை அவள் கையில் வந்து விழுந்தது. பெண் பிள்ளை. அவள் முகத்தை ஏற இறங்கப் பார்த்து, ஆச்சியாக எடுத்துக்கொண்டது. வெளியே விளக்கு வைத்துவிட்டார்கள். அக்காவின் கை மூன்றாவது நாட்டில் இருந்ததால், பிள்ளை கிசுகிசுப்பாக அழுதது.

என் அக்கா பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. ஆனால் தென்காசியில் யார் வேண்டுமானாலும் எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசட்டும், ஒரு நாட்டுக்கு வானம் வாங்கிக் கொடுத்த வீடு இந்தப் பகுதியில் வேறு கிடையாது. அவள் சொன்னபடி வந்த வழியே திரும்பி, ஐந்து நாடுகளுக்கும் போய்த் தலைகாட்டிவிட்டுத்தான் ஊருக்கு வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் திரும்பவும் அதையே சொல்லிவிட்டு வந்ததால், இன்றைக்கும் அவற்றில்தான் இருக்கிறாள். வீட்டில் அத்தான் இப்போதும் எதிர் நாற்காலியில்தான் உட்காருகிறார். செவ்வாய்க்கிழமைகளில் ஹோட்டலில் சாப்பிடுகிறார்.

போன மாதம் அவரை நேரில் கேட்டே விடுவது என்று கிளம்பிப் போனேன். அன்றைக்கு அந்த வாசலில் அக்கா சொன்னாளா இல்லையா, உங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். அக்கா உள்ளே வேலையாக இருந்தாள். அத்தான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பேத்திக்குக் காது குத்தியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். விசேஷம் கோமதியின் நாட்டில்தான் நடந்தது. எனக்கு விசா வரவில்லை. கோமதி ஒற்றைப் பிள்ளை, ஆகவே பேத்திக்குத் தாய்மாமன் கிடையாது. யார் மடியில் உட்கார வைப்பது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் மேளச் சத்தம் கேட்டதாம். பார்த்தால், நாங்கள்தான் மாமன் முறை என்று ஐந்து நாடுகளும் சீர்த்தட்டு ஏந்திக்கொண்டு வந்து நின்றனவாம். தேங்காய், பழம், பட்டுப்பாவாடை, கம்மல். ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கவில்லையாம்.

நான் கேட்க வந்ததைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

“அத்தான்,” என்றேன். “அஞ்சு மாமனும் மடியை விரிச்சுக்கிட்டு உக்காந்துட்டா, பிள்ளைய யாரு மடியில வச்சுக் குத்துனீங்க?”